ஐம்பது கிலோமீட்டருக்குப் பிறகு ஒரு சுற்று

அந்த வீட்டில் தண்ணீர் பாட்டிலை மூடும் உரிமை ஒருவருக்கு மட்டும் மறுக்கப்பட்டிருந்தது. அவர்தான் குடும்பத் தலைவர். அவர் மூடிய பாட்டிலைத் திறக்க அவரையே தேடிப் போக வேண்டும். அவர் குளித்துக்கொண்டிருந்தால் வீடே நாக்கு வறளக் காத்திருக்க வேண்டும். மூக்குக் கண்ணாடியின் தண்டு லேசாக ஆடுகிறது என்று ஒருநாள் தம் கையாலேயே சரிசெய்து மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அந்தக் கண்ணாடி மடங்குவதில்லை. கழற்றி வைத்தால் மேசைமேல் இரண்டு காலையும் நீட்டிப் படுத்துக்கொள்கிறது.

இதில் அவரைக் குற்றம் சொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது. இருபத்திரண்டு வருடம் லாரிகளுக்குச் சக்கரம் மாட்டியவர். நீளமான வீல் ஸ்பேனரை நட்டில் கொடுத்து, அதன் நுனியில் ஏறி நின்று, உடம்பின் மொத்தக் கனத்தையும் இறக்கி, நட்டு 'கிர்ரக்' என்று ஒரு சத்தம் போட்ட பிறகுதான் கீழே இறங்குவார். அந்தச் சத்தம் வராத நாளில் அவருக்குச் சோறு இறங்காது. கழன்ற சக்கரம் ஒன்று, தான் புறப்பட்ட லாரியையே முந்திக்கொண்டு தெருவோடு உருண்டு போனதை அவர் ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறார். மாட்டியது வேறு ஆள்தான். இருந்தாலும் அந்தக் காட்சி அவர் கைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

வேலை முடிந்து லாரி கிளம்பும்போது டிரைவரின் ஜன்னலைத் தட்டுவார். "அம்பது கிலோமீட்டர் ஓடினதும் வந்துருங்க, இன்னொரு சுத்து இறுக்கிரலாம்" என்பார். புதிதாக மாட்டிய சக்கரம் கொஞ்சம் ஓடியதும் நட்டுகள் தளரும், மறுபடி இறுக்கியே ஆக வேண்டும் என்பது அந்தத் தொழிலின் சட்டம். ஐம்பதாவது கிலோமீட்டரில் அந்த லாரி வேறு ஊரில் நிற்கும் என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. சொல்வது கடமை, சொன்னார். லாரிக்காரர்கள் அவருக்கு 'அம்பது' என்று பெயர் வைத்தார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிறகு முதுகு மக்கர் செய்தது. ஸ்பேனர்மேல் ஏறி நிற்பது இனி ஆகாது, உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்பது பதினோரு நாள் வீட்டில் சும்மா இருந்தார். பன்னிரண்டாம் நாள் குளியலறைக் கதவு திறக்கவில்லை, அலமாரிக் கதவு மூடவில்லை, குழாயைத் திறக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். வீட்டைக் காப்பாற்றும் பொருட்டு மனைவி அவரைத் தம் கடைக்கு அழைத்துப் போனார்.

மனைவி வைத்திருந்தது லேப்டாப் பழுதுபார்க்கும் கடை. ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடியில் ஒரே நீள அறை. முன்பக்கம் வாடிக்கையாளருக்கான மேசை. நடுவில் கண்ணாடித் தடுப்பு. அதற்குப் பின்னால் இரண்டு விளக்கோடு வேலை நடக்கும் பெரிய மேசை. வீட்டில் மனைவியாக இருந்தவர் அந்த மாடிப்படியின் கடைசிப் படியைத் தாண்டியதும் முதலாளியம்மா ஆகிவிடுவார். பதினான்கு வருடத் தொழில். அவர் ஸ்க்ரூ மாட்டினால், ஸ்க்ரூ தானாகவே நடந்து போய் தன் வீட்டில் உட்கார்ந்துகொண்டது போலிருக்கும்.

முதல் நாளே முதலாளியம்மா பாடத்தைச் சொல்லிவிட்டார். லாரியில் இரும்புக்குள் இரும்பு போகிறது. இங்கே பிளாஸ்டிக்கில் பதித்த கடுகளவு பித்தளைக் குழலுக்குள் ஸ்க்ரூ போகிறது. ஸ்க்ரூ போய் நின்றதும், விரல் நுனியால் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம் அழுத்தித் திருப்ப வேண்டும். அதற்கு மேல் போனால் பித்தளை சுற்றும், பிளாஸ்டிக் வெடிக்கும், மூடி மூலையில் வாயைப் பிளக்கும்.

அம்பதுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"கொஞ்சம்னா எவ்ளோ?"

"சின்னக் குழந்தையோட கன்னத்தைக் கிள்ளுவோம்ல, அழாம. அவ்ளோ."

தாம் கன்னம் கிள்ளி அழாத குழந்தை என்று ஒன்று இந்தப் பூமியில் உண்டா என்று அம்பது யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

பழகுவதற்கென்று கொடுத்த பழைய லேப்டாப்புகள் இரண்டும் ஒரே வாரத்தில் வீரமரணம் எய்தின. முதலாளியம்மா கத்தவில்லை. ஒரு மாதம் கெடு வைத்தார். அதற்குள் கை வசப்பட்டால் பின் மேசையில் நிரந்தர நாற்காலி. வசப்படாவிட்டால் முன் மேசை: ரசீது எழுத வேண்டும், வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். ரசீதை அம்பது ஒரு மாதிரி சமாளித்துவிடுவார். சிரிப்பதுதான் உதைத்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் சக்கரத்தைத் தவிர எதன் முகத்தையும் நிமிர்ந்து பார்த்தவரில்லை. ஒருநாள் இரவல் புன்னகையோடு கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தார். தாமே இரண்டடி பின்வாங்கினார். எப்பாடு பட்டாவது அந்தப் பின் மேசை நாற்காலியைப் பிடித்துவிட வேண்டும் என்பது அப்போதே முடிவாகிவிட்டது.

கோளாறு எங்கே என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. விரல் நுனியெல்லாம் காய்ப்பு. ஸ்க்ரூ நின்றதா, போகிறதா என்ற தகவல் விரலில் தட்டிவிட்டு, யாரும் கதவைத் திறக்காததால் திரும்பிப் போய்விடுகிறது. சேதி மூளைக்கு எட்டும்போது பிளாஸ்டிக் வெடித்து அரை நிமிடம் ஆகியிருக்கும்.

இரண்டாவது வாரத்தில் ஒரு மதியம், மாட்டிக்கொண்டிருந்த ஸ்க்ரூ சரியாகத் தெரியவில்லை என்று குனிந்தார். இன்னும் குனிந்தார். சின்ன ஸ்க்ரூடிரைவர்களின் தலையில், விரலை வைத்து அழுத்த, தானாகச் சுழலும் மூடி ஒன்று இருக்கும். அந்த மூடியில் அவர் மூக்கு நுனி பட்டது. பட்ட மாத்திரத்தில் அம்பது சிலையானார். மூக்கில் தெரிந்தது! ஸ்க்ரூ இறங்குவது தெரிந்தது, கடைசிப் புரி தெரிந்தது, நின்றது தெரிந்தது. மூக்கு இருபத்திரண்டு வருடம் சக்கரம் மாட்டவில்லை அல்லவா? அது பிறந்த மேனிக்குப் புத்தம் புதிதாக இருந்தது.

அன்று முதல் விரல்கள் தண்டைத் திருப்பும், மூக்கு தலையில் உட்கார்ந்து கண்காணிக்கும். மூக்கு நின்றது என்றால் விரல் நிற்கும். முதலாளியம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"விரலுக்குக் காது கேக்கல. மூக்குக்குக் கேக்குது."

முதலாளியம்மா தம் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, அவர் மாட்டிய பத்து ஸ்க்ரூவையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார். பத்தும் கச்சிதம். அழாத கன்னங்கள். ஒரு மனிதன் சரியாகச் செய்துவிட்ட பிறகு எதனால் செய்தான் என்று கேட்பது முறையில்லை. மீசையை மட்டும் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ளும்படி சொல்லிவிட்டுப் போனார்.

கெடு முடிவதற்குள் அம்பதின் பெயர் தெருவில் பரவியது. லேப்டாப்பில் ஒரு பழுதும் இல்லாதவர்கள் கூட மாடியேறி வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய மனிதர் மரங்கொத்தி போல வேலை பார்ப்பதை வேடிக்கை பார்த்தார்கள். அவர் மூக்கு நுனியில் பொட்டு வைத்தாற்போல் ஒரு சிவப்பு வட்டம் நிரந்தரமானது. நாற்காலியும் நிரந்தரமானது. அந்தக் கடையில் யார் மூடியை மாட்டுகிறார்களோ அவர்கள்தான் அந்த வேலைக்குப் பொறுப்பு. அதற்கு அடையாளமாக ஒரு சீட்டு ஒட்டுவார்கள். முதலாளியம்மாவுக்குப் பச்சை. அம்பதுக்கு மஞ்சள் கொடுக்கப்பட்டது. முதல் மஞ்சள் சீட்டை ஒட்டியபோது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், லேப்டாப் பையோடு எதிரில் வந்த முன்பின் தெரியாத ஒருவருக்கு வணக்கம் வைத்தார், இன்னொருவரை மறித்து நலம் விசாரித்தார்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் உலகத்துக்கு எந்த நஷ்டமும் இல்லை. ஆனால் கடையை ஒன்பது மணிக்குத் திறப்பவர் அம்பது. வீட்டு வேலையை முடித்துவிட்டு முதலாளியம்மா வருவது பத்து மணிக்கு. நடுவில் ஒரு மணி நேரம் இருந்தது.

வேலை முடிந்து வாடிக்கையாளருக்காகக் காத்திருக்கும் லேப்டாப்புகள் ஒரு தட்டில் அடுக்கியிருக்கும். முந்தின நாள் முழுக்க ஓட விட்டுச் சோதித்தவை. அதாவது, ஓடிய வண்டிகள். ஓடிய வண்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் சுபாவம் அம்பதுக்கு ஏது? ஒருநாள் காலை ஒரு பச்சைச் சீட்டு லேப்டாப்பைத் திருப்பி, ஒரு ஸ்க்ரூவைச் சும்மா தொட்டுப் பார்த்தார். அவர் கைக்கு அது அசைந்து கொடுத்தது. பாவம், பூ மாதிரிக் கை. இறுக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு வருடிக்கொடுத்திருக்கிறாள். நாளைக்கு யாராவது மூடி கழன்றது என்று வந்து நின்றால் அவளுக்கல்லவா தலைக்குனிவு?

ஆகவே பச்சைச் சீட்டுகளுக்கு ஆளுக்கொரு சுற்று. இதற்கு மூக்கு தேவைப்படவில்லை. ஸ்க்ரூ எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் மூக்கு; இவை ஏற்கெனவே நின்றுவிட்டவை அல்லவா? எனவே பழைய ஞாபகத்தில் முழுக் கை. தம்முடைய மஞ்சள் சீட்டுகளை அவர் தொடவில்லை. அவற்றின்மேல் அவருக்குப் பூரண நம்பிக்கை. மனைவியிடமும் சொல்லவில்லை. சொன்னால் மனசு கஷ்டப்படுவாள். இப்படிக் கட்டிய மனைவியின் மானத்தைத் தினமும் ஒன்பது முதல் பத்து வரை காப்பாற்றிவிட்டு, ஒன்றும் அறியாதவர் போல மேசையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இந்தக் காலைத் திருப்பணியின் மூன்றாவது வாரம், போன லேப்டாப்புகள் திரும்பி வரத் தொடங்கின. முதலில் ஒரு டியூஷன் வாத்தியாருடையது, மூலை வெடித்து. அடுத்து ஒரு வக்கீலுடையது. பிறகு வரிசையாக. மூலை பிளந்து, பித்தளைக் குழல் கழன்று, உள்ளே கிலுகிலுப்பை மாதிரி ஆடிக்கொண்டு. எல்லாமே பச்சைச் சீட்டு. மஞ்சள் ஒன்றுகூட இல்லை.

முதலாளியம்மா தம் கையையே சந்தேகிக்கத் தொடங்கினார். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, கையை நீட்டிப் பிடித்து, ததும்புகிறதா என்று பார்த்தார். கண் டாக்டரிடம் போனார். கண் நன்றாக இருப்பதாகச் சொன்னதும் இன்னும் கவலையானார். அம்பது, பெருந்தன்மையின் சிகரத்தில் நின்றுகொண்டு, வயசானா கை அப்படித்தான், விடு என்று ஆறுதல் சொன்னார். சொன்னதோடு விடவில்லை. இத்தனை திரும்பி வருகிறதென்றால் தாம் போடும் சுற்று போதவில்லை என்று அர்த்தம். மறுநாள் காலையிலிருந்து கூட அரைச் சுற்று.

கடைசியில் பல் டாக்டர் வந்தார். அடுத்த தெருவில் சொந்தமாகக் கிளினிக் நடத்தும் அம்மாள். கீபோர்டு மாற்றிப் போனவர், மூன்றே நாளில் லேப்டாப்பைக் குழந்தை போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மாடியேறினார். கண்ணாடித் தடுப்பைத் தாண்டி நேராகப் பின் மேசைக்கே வந்து அதைக் கவிழ்த்து வைத்தார்.

"பின்னாடி நாலு கடைவாயும் போச்சு. ரெண்டு வேர் வரைக்கும் பிளந்துருச்சு. எங்கிட்ட வந்திருந்தா பிடுங்கியிருப்பேன். இது உங்க டிபார்ட்மெண்ட்டாச்சேன்னு கொண்டாந்தேன்."

அதிலும் பச்சைச் சீட்டு. முதலாளியம்மா அதைப் பார்த்தார். தம் ஸ்க்ரூடிரைவரை எடுத்து உறையில் போட்டு, உறையை மடித்து, கணவர் பக்கமாக மேசையில் தள்ளினார். குரல் மட்டும் நிதானமாக இருந்தது.

"நாளையில இருந்து எல்லாத்தையும் நீங்களே மாட்டுங்க. நான் முன்னாடி உக்காந்து ரசீது எழுதுறேன். என் கை போச்சுங்க."

அந்தக் கணத்தில் அம்பதின் மனதில் முதலில் எழுந்தது என்ன என்பதை மறைத்துவிடலாம்தான். ஆனால் ஒருவரின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தபின் மறைப்பது தர்மமில்லை. முதலில் எழுந்தது சந்தோஷம். முழு மேசை! இரண்டு விளக்கு! ஒரு ஸ்க்ரூ உள்ளே போய் நிற்கிற நேரம் அந்தச் சந்தோஷம் நின்றது.

முதலாளியம்மா கடைசியாக ஒருமுறை என்பது போல ஸ்க்ரூடிரைவரைத் திரும்ப உருவி, அந்த லேப்டாப்பில் பிளக்காத இடத்திலிருந்த ஒரு ஸ்க்ரூவைக் கழற்றப் பார்த்தார். அசையவில்லை. எழுந்து நின்று பார்த்தார். இரண்டு கையாலும் பார்த்தார். நெற்றி வியர்த்தது.

"பாத்தீங்களா? நான் இறுக்கினதை என்னாலயே கழட்ட முடியல. என்னை அறியாம இவ்ளோ இறுக்கியிருக்கேன்."

அம்பது அந்தக் கைகளைப் பார்த்தார். வளையல் இரண்டு விரல் இடைவெளியோடு ஆடிக்கொண்டிருந்த மணிக்கட்டைப் பார்த்தார். கழற்றத் தெம்பில்லாத கை, இறுக்க மட்டும் தெம்பை எங்கே போய்க் கடன் வாங்கியிருக்கும்? அவர் மெதுவாக ஸ்க்ரூடிரைவரை வாங்கினார். திருப்பினார். 'கிர்ரக்'.

லாரி நட்டு போட்ட அதே சத்தம், கொசு சைசில். ஆயிரம் பேர் கூட்டத்தில் தம் பிள்ளை தும்மினால் தெரியாதா? இது தம் கை போட்ட சுற்று. இதோ இருக்கிறது நாற்காலி. அதோ இருக்கிறது முன் மேசை. வாயை மூடிக்கொண்டிருந்தால் இரண்டு விளக்கும் அவருடையது. பல் டாக்டர் கடைக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்பது வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பல் டாக்டர் தொழில் பழக்கத்தில் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அது நான்" என்றார் அம்பது.

"எது?"

"இது. வக்கீலோடது. வாத்தியாரோடது. எல்லாமே. காலையில ஒம்பதுல இருந்து பத்து வரைக்கும்."

"என்ன பண்ணுவீங்க?"

"இன்னொரு சுத்து. நீ தளர்வா விட்டிருக்கியே, உன் மானம் போயிரக் கூடாதேன்னு. ஓடின வண்டி பாரு, அம்பது கிலோமீட்டர் ஆனதும்..."

பல் டாக்டர் குறுக்கிட்டு, தம் லேப்டாப் வீட்டிலிருந்து கிளினிக்குக்கு மட்டும்தான் போய் வருகிறது, அரைக் கிலோமீட்டர் கூட இருக்காது என்று பதிவுசெய்தார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

முதலாளியம்மா தம் வலது கையைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ என் கை நல்லாத்தான் இருக்கா?"

"உன் கைக்கு என்ன. தங்கம்."

திட்டு விழும் என்று அம்பது தலையைக் குனிந்தார். விழவில்லை. ஏதோ கேவல் போல ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் முதலாளியம்மா சிரித்துக்கொண்டிருந்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை. நாற்காலியில் தொடங்கி, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வழுக்கி, தரைக்கு இறங்கி, அங்கேயும் அடங்காமல், பார்சல் வந்த அட்டைப்பெட்டிமேல் சாய்ந்து சிரித்தார். "என் மானத்தைக் காப்பாத்தினாராம்" என்று சொல்லி, முடிக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பல் டாக்டருக்கும் தொற்றிக்கொண்டது. முப்பத்திரண்டும் தெரிய அவர் சிரித்ததைப் பார்த்து, கடைவாயில் ஒரு பல் அடைத்திருப்பதை அம்பது முதல்முறையாக அறிந்துகொண்டார். கீழே ஜெராக்ஸ் கடையிலிருந்து என்ன ஆச்சு என்று யாரோ குரல் கொடுத்தார்கள். பதில் சொல்லும் நிலையில் மாடியில் யாருமில்லை.

அம்பது மட்டும் எழுந்தார். தம் மஞ்சள் சீட்டுக் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். மூக்கை ஒருமுறை துடைத்துக்கொண்டு கண்ணாடித் தடுப்பை நோக்கி நடந்தார்.

"எங்க போறீங்க?" என்றார் தரையிலிருந்து முதலாளியம்மா.

"முன்னாடி. சிரிக்கிறதுக்கு."

"ஐயோ, வேணாம். நீங்க சிரிச்சா வர்றவங்க படியோட திரும்பிருவாங்க. வந்து உக்காருங்க."

"இங்கயேவா?"

"இங்கயேதான். ஆனா இனிமே நீங்க கழட்டணும், மாட்டுறது நான்."

அம்பதுக்கு அதில் ஒரு குறை இருந்தது. மஞ்சள் சீட்டு ஒன்றுகூடத் திரும்பி வரவில்லையே, மூக்கு என்ன பாவம் செய்தது என்று முறையிட்டார்.

"மூக்கை நான் நம்புறேன். கையைத்தான் நம்பல. ரெண்டும் ஒரே ஆள் கூடத்தான வருது?"

வெறும் கழற்றுகிற வேலைதானா என்று அவர் முணுமுணுத்தார். முதலாளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து நிலைமையை விளக்கினார். மூன்று வாரமாக அவர் போட்ட சுற்றுகள் இன்னும் ஊரெல்லாம் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றாக வந்துகொண்டேதான் இருக்கும். அதைக் கழற்ற இந்த ஊரில் வேறு யாருக்குத் தெம்பிருக்கிறது? அம்பது யோசித்துப் பார்த்தார். உண்மையாகவே வேறு யாரும் இல்லை. பல் டாக்டர் கைகொடுத்து வாழ்த்துச் சொன்னார். கொடுத்த கையைத் திரும்பப் பெற அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அதற்குப் பிறகு கடைச் சாவி முதலாளியம்மாவின் பைக்குப் போனது. இருவரும் பத்து மணிக்குச் சேர்ந்தே வருகிறார்கள். எதிரெதிரே உட்காருகிறார்கள். அவர் கழற்றி, ஸ்க்ரூக்களை நீளம் வாரியாகக் காந்தத் தட்டில் அடுக்கித் தள்ளுகிறார், மனைவி மாட்டுகிறார். மற்ற கடைகளில் முடியாதென்று கைவிட்ட ஸ்க்ரூக்களும் அவரைத் தேடி வரத் தொடங்கின. ஒரே சங்கடம், மாட்டுவது மெதுவான வேலை, கழற்றுவது வேகமான வேலை. பதினோரு மணிக்கெல்லாம் கடையில் கழற்றுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

முதல் நாள் சுவர்க் கடிகாரம் போனது. இரண்டாம் நாள் சுவிட்ச் பெட்டியின் மூடி. மூன்றாம் நாள் பதினொன்றேகால் மணிக்கு, ஒரு நுணுக்கமான வேலையில் மூழ்கியிருந்த முதலாளியம்மாவின் நாற்காலி மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"என்னங்க" என்றார் அவர், தலையைத் திருப்பாமல். "இதுல நான் உக்காந்திருக்கேன்."

"தெரியும்மா" என்று மேசைக்கு அடியிலிருந்து பதில் வந்தது. "அதான் பாதியோட நிறுத்தியிருக்கேன். நீ அவசரமில்லாம வேலையை முடி."